கல்லிடம் கணக்குக் கேட்டவர்கள்

கல்லுக்குச் சக்தி உண்டு என்போரிடம் நாம் நெடுங்காலமாகக் கேட்டு வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எங்கே, காட்டு! காட்டியவர் இல்லை, கண்டவரும் இல்லை. ஆனால் அண்மைக் காலமாக அந்தக் கேள்விக்குப் புதியதொரு விடை புறப்பட்டிருக்கிறது. மோதிரக் கல் விற்பவர் முன்பெல்லாம் சோதிடத்தை மட்டுமே துணைக்கு அழைப்பார். இன்று விஞ்ஞானத்தையும் அழைக்கிறார். "கல்லை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது, மேல்நாட்டு விஞ்ஞானிகளே கண்டு சொன்னது இது. அந்த மின்சாரம் உடலில் பாய்ந்தால் நோய் நீங்கும், தொழில் ஓங்கும், திருமணத் தடை தீரும்" என்று அடுக்கிக்கொண்டே போகிறார்.

இதில் வியப்பு என்னவென்றால், அவர் சொல்லும் முதல் வாக்கியம் மெய். சில கற்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கத்தான் செய்கிறது! பொய் தனித்து வந்தால் வாசலிலேயே விரட்டிவிடலாம். மெய்யின் தோள்மீது கைபோட்டுக்கொண்டு வரும்போது, எது மெய், எங்கே அது முடிகிறது, எங்கிருந்து பொய் தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட வேண்டியவர்களாகிறோம். நாம் கலைப் பட்டம் பெற்று வகுப்பறையில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர்; ஆய்வுக்கூடத்தில் ஆண்டுகளைக் கழித்தவரல்லோம். ஆயினும் இது வரலாறு அல்லாமல் வேறென்ன? மன்னர்களின் மணிமுடியில் இருந்த கற்களின் வரலாற்றைப் பாடநூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. கல்லுக்குள் இருந்த ஆற்றலை அளந்து காட்டியவர்களின் வரலாற்றுக்கு ஒரு பக்கமாவது நாம் ஒதுக்க வேண்டாமா?

கதை தொடங்கும் இடம் நமக்கு அயலானதன்று. இலங்கைக் கரையோரம் டச்சுக்காரர் வசம் இருந்த காலம். கறுவாப்பட்டை ஏற்றிச் சென்ற அவர்களது கப்பல்கள் வழியே, 1703 அளவில், ஒருவகைக் கல் ஆலந்து நாட்டைச் சென்றடைந்தது. சிங்கள மொழியில் அதற்குத் தோரமல்லி என்று பெயர். அச்சொல்லே ஐரோப்பியர் நாவில் உருண்டு 'டூர்மலின்' ஆயிற்று. தணலருகே அதைச் சூடாக்கினால் பக்கத்திலுள்ள சாம்பலைத் தன்பால் இழுக்கும். சிறிது பொறுத்து, இழுத்த சாம்பலை உதறியும் தள்ளும். டச்சுக்காரர் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று பெயரிட்டனர். 'இலங்கைக் காந்தம்' என்று அழைத்தோரும் உண்டு.

சாம்பலை இழுக்கும் கல்! நம் ஊரில் எவனாவது ஒரு புத்திசாலியின் கையில் அது சிக்கியிருந்தால், திருநீற்றைத் தேடி வரும் கல் என்று சொல்லி, அதற்கொரு மண்டபமும் உண்டியலும் உண்டாகியிருக்கும். ஐரோப்பாவிலும் கல்லுக்கு மந்திர ஆற்றல் கற்பித்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747-இல் நூல் வெளியிட்ட சுவீடன் நாட்டு லின்னேயஸ், அந்நூலில் இக்கல்லை 'மின்கல்' என்றே குறித்தார். 1756-இல் பெர்லினில் ஈப்பினஸ் என்பவர் சூடேறிய டூர்மலினைச் சோதித்து, அதன் ஒரு முனையில் நேர்மின்னும் மறு முனையில் எதிர்மின்னும் தோன்றுகின்றன என்று நிறுவினார். காந்தம் என்ற பெயர் அன்றோடு பொருந்தாப் பெயராயிற்று.

சூட்டினால் மின்சாரம், சரி. அழுத்தினால்? இந்தக் கேள்வி அடுத்து எழுந்தது. எழுந்ததும் விடை கிடைத்துவிடவில்லை. படிக இயலுக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சு அறிஞர் ஆயுயி, கால்சைட் என்னும் சுண்ணாம்புப் படிகத்தை விரல்களுக்கிடையே அழுத்தி, மின்சாரம் உண்டாகிறது என்றார். அவர் வழியில் சென்ற அந்துவான் பெக்கெரெல் பல பொருள்களை அழுத்திப் பார்த்து அவற்றிலெல்லாம் மின்சாரம் கண்டார். படிகமே அல்லாத பொருள்களிலும் கண்டார்! அங்கேதான் ஐயம் பிறக்க வேண்டும். எதை அழுத்தினாலும் மின்சாரம் வருகிறதென்றால், அது அழுத்தத்தால் வருவதா? தொட்டுப் பிரிப்பதால், உரசுவதால் வருவதா? சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டுகிறதே, அந்த வகையா? இன்று நமக்குத் தெரியும்: கால்சைட்டுக்கு அழுத்த மின்சாரம் என்ற பண்பே கிடையாது. அந்தப் பேரறிஞர் கண்டது தொடுகையால் எழுந்த மின்சாரமே. ஆயுயி பெரியவர், அதற்காக அவர் சொன்னதை எவரும் வேதவாக்காக்கி வைத்துக்கொள்ளவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து வந்த இளைஞர்கள் அதைத் தாண்டிச் சென்றார்கள்.

அந்த இளைஞர்கள் இருவர், உடன்பிறந்தவர்கள். மூத்தவர் ழாக் கியூரி, இளையவர் பியர் கியூரி. பாரிசில் ஒரு மருத்துவரின் மக்கள். பியர் பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர், வீட்டிலேயே கற்றவர். (பள்ளி ஆசிரியராகிய நாம் இதைச் சற்றே தயக்கத்தோடுதான் எழுதுகிறோம்.) 1880-இல் அவருக்கு வயது இருபத்தொன்று, சோர்பானில் ஆய்வுக்கூட உதவியாளர். அண்ணன் அங்கேயே கனிமப் பிரிவில் பணியாற்றினார்.

இவர்கள் ஆயுயியைப் போலக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அழுத்திப் பார்க்கவில்லை. முதலில் சிந்தித்தார்கள். டூர்மலின் குளிர்ந்தால் சுருங்குகிறது. அப்போது மின்சாரம் தோன்றுகிறது. அழுத்தினாலும் சுருங்கத்தானே செய்யும்? அப்படியானால் அப்போதும் மின்சாரம் தோன்ற வேண்டும்; குளிரும்போது எந்த முனையில் எந்த மின் தோன்றுமோ அதே முனையில் அதே மின் தோன்ற வேண்டும். எல்லாப் படிகங்களிலும் தோன்றாது. இரு முனைகளும் ஒன்றுபோலில்லாத, சமச்சீர் குறைந்த படிகங்களில்தான் தோன்றும். இத்தனையும் கருவியைத் தொடுமுன் அவர்கள் போட்ட கணக்கு.

கருவியோ மிக எளியது. படிகத்தை உரிய திசையில் பட்டையாக அறுத்து, எதிரெதிர் முகங்களில் ஈயத் தகட்டைப் போன்ற மெல்லிய வெள்ளீயத் தகடுகளை ஒட்டினார்கள். மின்சாரம் வெளியே ஒழுகாதபடி இருபுறமும் கெட்டி ரப்பர் பலகை வைத்தார்கள். அனைத்தையும் பட்டறைக் கொல்லர் பயன்படுத்துவது போன்றதொரு இடுக்கியின் தாடைகளுக்கிடையே வைத்து முறுக்கினார்கள். தகடுகளிலிருந்து கம்பிகள் தாம்சன் மின்மானிக்குச் சென்றன. முறுக்கியதும் மின்மானியின் ஊசி ஒருபக்கம் திரும்பிற்று. தளர்த்தியதும்? எதிர்ப்பக்கம் திரும்பிற்று! உரசலால் வந்த மின்சாரமாக இருந்தால் இப்படி நடக்காது. ஆயுயியின் சோதனையில் இல்லாதிருந்த சான்று இதுவே. அழுத்தத்துக்கு ஒரு மின், விடுவிப்புக்கு அதன் எதிர்மின். அளவிலே இரண்டும் சமம்.

1880-ஆம் ஆண்டிலேயே முடிவுகளை வெளியிட்டார்கள். டூர்மலின், குவார்ட்ஸ் எனப்படும் பளிங்குக் கல், துத்தநாகக் கனிமங்கள், ரோஷல் உப்பு, டார்ட்டாரிக் அமிலம் எனப் பட்டியல் நீண்டது. மறு ஆண்டே ஜெர்மன் அறிஞர் ஆங்கெல், 'அழுத்து' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக் கொண்டு 'பீசோ மின்சாரம்' என்று பெயர் சூட்டினார். தமிழில் அழுத்த மின்சாரம் என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏன் சில படிகங்களில் மட்டும்? படிகம் என்பது அணுக்கள் அணிவகுத்து நிற்கும் அமைப்பு. அணிவகுப்பில் நேர்மின் ஏந்தியவையும் எதிர்மின் ஏந்தியவையும் உண்டு. சமையல் உப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்பில் ஒவ்வோர் அணுவையும் நடுவாக வைத்துப் பார்த்தால், இடப்புறம் என்ன உண்டோ அதுவே வலப்புறமும். மேலே என்ன உண்டோ அதுவே கீழும். அழுத்தினால் இருபுறமும் ஒன்றுபோல் நெருங்கும். நேர்மின்னின் நடுவிடமும் எதிர்மின்னின் நடுவிடமும் பிரியா. ஆகவே மின்சாரம் இல்லை. குவார்ட்சில் அப்படியில்லை. சிலிக்கானும் ஆக்சிஜனும் அங்கே முறுக்கிய ஏணிபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. எதிரெதிர்ச் சமநிலைக்கு ஒரு நடுப்புள்ளி இல்லை. அழுத்தினால் சிலிக்கான் ஒரு பக்கமும் ஆக்சிஜன் மறு பக்கமும் மிகச் சிறிதளவு ஒதுங்குகின்றன. ஒரு முகத்தில் நேர்மின் மிகுகிறது, மறு முகத்தில் எதிர்மின். படிகங்களைச் சமச்சீர் முறைப்படி 32 வகுப்புகளாகப் பிரிப்பர். அவற்றுள் 21 வகுப்புகளில் நடுப்புள்ளி இல்லை. அந்த 21-இல் 20 வகுப்புகளே அழுத்த மின்சாரம் காட்ட வல்லவை. ஜெர்மானியர் ஃபோக்ட் 1910-இல் வெளியிட்ட பெருநூலில் எந்த வகுப்புக்கு எந்தத் திசையில் எத்தனை எண்கள் வேண்டும் என்பது முழுதாக வரையறுக்கப்பட்டது. இந்த 32-ஐயும் 20-ஐயும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். கல் வியாபாரியிடம் திரும்பி வரும்போது தேவைப்படும்.

கண்டுபிடித்தலோடு கியூரி உடன்பிறப்புகள் நிறுத்தவில்லை. 'வருகிறது' என்று சொல்வது பாதி அறிவு. 'எவ்வளவு வருகிறது' என்று சொல்வதே முழு அறிவு என்பது அவர்கள் கொள்கை. எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எழும் மின்னூட்டத்தை டேனியல் மின்கலத்தோடு ஒப்பிட்டு அளந்தார்கள். எடையை இரட்டித்தால் மின்னூட்டமும் இரட்டித்தது. டூர்மலினின் அச்சுத் திசையில் அழுத்தும்போது கல் பெரிதா சிறிதா என்பது பொருட்டாகவே இல்லை. ஏற்றிய எடை ஒன்றே பொருட்டு. பெருஞ்செல்வர் வாங்கும் பெரிய கல்லும் ஏழை வாங்கும் சிறிய கல்லும் ஒரே எடைக்கு ஒரே மின்னூட்டம்தான் தரும்!

எவ்வளவு அது? குவார்ட்சை அதன் மின் அச்சின் திசையில் ஒரு நியூட்டன் விசையால், அதாவது ஏறத்தாழ 100 கிராம் எடையால் அழுத்தினால், எழுவது 2.3 பிக்கோகூலோம். ஒரு கூலோம் மின்னூட்டத்தை இலட்சம் கோடிக் கூறுகளாக்கி, அவற்றில் இரண்டேகால் கூறு எடுத்ததற்குச் சற்று மிகுதி. இத்துணைச் சிறிய அளவை 1880-களின் கருவிகளைக் கொண்டு அவ்விருவரும் அளந்து சொன்ன மதிப்பு, இன்றைய கணக்கில் 2.1. பத்து விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு! நினைக்குந்தோறும் நாம் வியக்கும் செய்தி இது.

1881-இல் இன்னொரு நிகழ்ச்சி. லிப்மன் என்னும் பாரிசு இயற்பியலறிஞர் படிகத்தைத் தொடவேயில்லை. ஆற்றல் அழியாது என்ற விதியையும் வெப்ப இயக்கவியலையும் வைத்துக்கொண்டு காகிதத்தில் கணக்கிட்டார். அழுத்தினால் மின்சாரம் வருமெனில், மின்சாரம் தந்தால் படிகம் நீளவோ சுருங்கவோ வேண்டும் என்றார். எவ்வளவு என்றும் சொன்னார். கியூரி உடன்பிறப்புகள் அவ்வாண்டிலேயே சோதித்தார்கள், அப்படியே நிகழ்ந்தது. ஒரு வோல்ட்டுக்கு 2.3 பிக்கோமீட்டர், ஓர் அணுவின் அகலத்தில் சிறு பகுதி. முன்னைய அளவீட்டில் வந்த அதே எண்! அங்கே நியூட்டனுக்கு இத்தனை பிக்கோகூலோம், இங்கே வோல்ட்டுக்கு அத்தனை பிக்கோமீட்டர். வருவதுரைப்போர் நம் தெருவிலும் உண்டு. ஆனால், எவ்வளவு என்று எண்ணும் சொல்லி, அந்த எண் தவறினால் தன் கூற்றே தவறு என்று ஒப்பும் வருவதுரைப்போர் எவரேனும் உண்டா?

இனி, இந்தச் சிறிய எண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

பியர் கியூரி குவார்ட்சிலிருந்து ஓர் அளவுகருவி செய்தார். நீண்டு மெலிந்த குவார்ட்ஸ் பட்டை ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் கீழ் எடைத்தட்டு மாட்டினார். பட்டையைக் குறிப்பிட்ட வகையில் அறுத்து நீளவாக்கில் இழுத்தால், மின்னூட்டம் பக்க முகங்களில் எழும். நீளம் தடிப்பைப்போல எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு பெருகியும் எழும். கணக்குக்காக 10 சென்டிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் தடிப்பும் உடைய பட்டை என்று வைத்துக்கொள்வோம். பெருக்கம் 200 மடங்கு. 200 கிராம் எடையை வைத்தால் ஏறக்குறைய 900 பிக்கோகூலோம் மின்னூட்டம் துல்லியமாகக் கிடைக்கும். மளிகைக்கடைத் தராசு பருப்பை நிறுக்கிறது. இந்தத் தராசு மின்சாரத்தை நிறுக்கிறது.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தத் தராசின் முன் வந்தமர்ந்தவர் ஒரு பெண். வார்சாவில் பிறந்தவர், அங்கே ருசியர் ஆட்சி, பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்தது. மறைவாக நடந்த வகுப்புகளில் கற்று, வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1891-இல் பாரிசு வந்து சேர்ந்தவர். 1895-இல் பியரை மணந்த மேரி கியூரி அவர். 1896-இல் ஆன்றி பெக்கெரெல் யுரேனியத்திலிருந்து புலனாகாக் கதிர்கள் வெளிவருவதைக் கண்டிருந்தார். (அழுத்த மின்சாரத்தைத் தேடி வழிதவறிய அந்துவான் பெக்கெரெலின் பேரன் இவர். பாட்டனாருக்குப் பிடிபடாத கல், பேரன் கண்ட கதிரை அளக்கப் பயன்பட்டது!) அக்கதிர்களைப் புகைப்படத் தகட்டின் கருமையைக் கொண்டு மதிப்பிட்டு வந்தனர். அது கண்மதிப்பு. மேரிக்கு வேண்டியது எண்.

கதிர் பட்ட காற்று மின்சாரத்தைக் கடத்தும். 8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இரு உலோகத் தட்டுகளை 3 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, கீழ்த்தட்டில் ஆராய வேண்டிய பொருளின் தூளைப் பரப்பி, 100 வோல்ட் கொடுத்தால், இடையிலுள்ள காற்றின் வழியே மிக மெலிந்த மின்னோட்டம் செல்லும். அக்காலத்து எந்த மின்னோட்டமானிக்கும் அகப்படாத மெலிவு. இதை மேரி எப்படி அளந்தார்? மேல்தட்டில் சேரும் மின்னூட்டம் மின்மானியின் ஒளிப்புள்ளியை நகர்த்தப் பார்க்கும். அவர் குவார்ட்ஸ் தராசின் எடையைக் கையால் தாங்கிச் சிறிது சிறிதாக விடுவித்து, எதிர்மாறான மின்னூட்டத்தைச் செலுத்தி, ஒளிப்புள்ளியைச் சுழியிலேயே நிறுத்துவார். மறு கையில் காலமானி. முழு எடையும் குவார்ட்சில் தொங்க எத்தனை நொடி ஆயிற்று? அந்த நொடிகளால் அறிந்த மின்னூட்டத்தை வகுத்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும். ஒரு கண் ஒளிப்புள்ளியில், ஒரு கை எடையில், ஒரு கை கடிகாரத்தில். 1898 பிப்ரவரியில் ஒரு நாள் அந்தக் குளிரறையின் வெப்பநிலை 6.25 பாகை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தார் அவர். முறைப்பாட்டையும் எண்ணாகவே எழுதியவர்!

யுரேனிய உலோகத்தை வைத்தார்: 23 பிக்கோஆம்பியர். நாம் மேலே கற்பித்துக்கொண்ட பட்டையும் எடையும் என்றால், 39 நொடி. பிட்ச்பிளெண்டு என்னும் யுரேனியக் கனிமத்தை வைத்தார். கனிமத்தில் யுரேனியத்தோடு வேறு மண்ணும் கல்லும் கலந்திருப்பதால் மின்னோட்டம் குறைய வேண்டும்; நொடிகள் கூட வேண்டும். நிகழ்ந்தது நேர்மாறு. ஒரு மாதிரி 83 பிக்கோஆம்பியர் காட்டிற்று. நம் கற்பனைத் தராசில் 11 நொடி. கருவி பழுதா? கை பிசகா? சால்கோலைட் என்னும் மற்றொரு கனிமமும் யுரேனியத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டிற்று. மேரி அந்தச் சால்கோலைட்டைத் தூய பொருள்களைக்கொண்டு தாமே செய்து, செயற்கைக் கனிமத்தை வைத்துப் பார்த்தார். அது அதிலுள்ள யுரேனியத்துக்குத் தக்கபடி அடக்கமாகவே காட்டிற்று. அப்படியானால் மண்ணிலிருந்து எடுத்த கனிமத்தில் எவரும் அறியாத வேறேதோ ஒன்று இருக்கிறது!

அந்த அறிக்கை 1898 ஏப்ரல் 12 அன்று பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் படிக்கப்பட்டது. மேரி அகாதெமி உறுப்பினரல்லர். எனவே அவர் சார்பில் அதை அளித்தவர் லிப்மன். ஆம், காகிதத்தில் கணக்குப் போட்டுக் கல் நீளும் என்று சொன்ன அதே லிப்மன்தான். சூலையில் பொலோனியம், திசம்பரில் ரேடியம். அடிமைப்பட்டு, நிலப்படத்தில் பெயரே இல்லாதிருந்த தம் தாயகத்தின் பெயரை ஒரு தனிமத்துக்குச் சூட்டினார் அப்பெண்மணி. 1911-இல் அதே அகாதெமி அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அவ்வாண்டின் இறுதியில் இரண்டாம் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. மறுத்த பெருமக்களின் பெயர்கள் எவருக்கு நினைவிருக்கின்றன?

ரேடியத்தின் கதையை அனைவரும் சொல்வர். அதை நிறுத்துக் காட்டிய குவார்ட்ஸ் பட்டையைச் சொல்வோர் சிலரே. அதனால்தான் இங்கே சற்று நின்று எழுதினோம்.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். பியரின் மாணவர் லாஞ்செவின் 1917-இல், முதல் உலகப்போரின்போது, குவார்ட்சுக்கு மாறுமின்சாரம் தந்து அதிரவைத்து, கடலுக்குள் ஒலி அனுப்பி, நீர்மூழ்கியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கும் வழி கண்டார். இன்று வயிற்றிலிருக்கும் குழந்தையைக் காட்டும் ஸ்கேன் கருவி அந்த வழியில் வந்ததே. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கர் கேடி, அதிரும் குவார்ட்சைக்கொண்டு வானொலி அதிர்வெண்ணை நிலைநிறுத்தினார். 1927-இல் மாரிசன் குவார்ட்ஸ் கடிகாரம் செய்தார். இன்றைய கைக்கடிகாரத்தில் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 1930-களில் அத்தகைய கடிகாரங்கள் பூமியின் சுழற்சியே பருவத்துக்குப் பருவம் சிறிது முந்துவதையும் பிந்துவதையும் காட்டிக்கொடுத்தன. நாழிகை தவறாது என்று நாம் நம்பியிருந்த பூமியைக் கூழாங்கல்லின் உறவுக்காரன் திருத்தியது! அடுப்பைப் பற்றவைக்கச் சமையலறையில் 'டக்' என்று தட்டும் லைட்டரில் இருப்பது ஈயமும் சிர்க்கோனியமும் டைட்டேனியமும் கலந்து சுட்ட பீங்கான். குவார்ட்சைப்போல் நூறு மடங்குக்கு மேல் மின்னூட்டம் தருவது.

இன்று அளப்பது எங்ஙனம்? இடுக்கியும் எடைக்கல்லும் போயின, அடிப்படை போகவில்லை. எடையை வைத்துவிட்டுக் காத்திருந்தால் இரண்டு தொல்லைகள். ஈரக்காற்றில் மின்னூட்டம் ஒழுகிவிடும்; அறையின் வெப்பம் மாறினால், டூர்மலின் போன்ற கற்களில், அழுத்தாமலே மின்சாரம் தோன்றி ஏமாற்றும். எனவே இக்காலக் கருவி, மாதிரியைத் தாடைகளில் மெல்லப் பிடித்துக்கொண்டு, கால் நியூட்டன் அளவுள்ள விசையை நொடிக்கு நூறு முறைக்கு மேல் ஏற்றி இறக்குகிறது. ஒழுகவோ வெப்பம் மாறவோ நேரமில்லை. மதிப்பு முன்பே தெரிந்த ஒரு மாதிரியும் அதே விசையின் பாதையில் வைக்கப்பட்டிருக்கும். இரண்டின் மின்னூட்டத்தையும் ஒப்பிட்டு எண்ணைக் காட்டும். இன்னொரு முறையில், படிகத்துக்கு மாறுமின்சாரம் தந்து அதிர்வெண்ணை உயர்த்திக்கொண்டே போவர். ஓரிடத்தில் மின்னோட்டம் உச்சமாகும். சற்று மேலே மிகத் தாழும். அவ்விரு அதிர்வெண்களின் இடைவெளியே படிகத்தின் திறனைச் சொல்லிவிடும். லிப்மன் கணித்த நீட்சியையே அளக்க விரும்புவோர் லேசர் ஒளியால் அளக்கின்றனர்.

இப்போது மோதிரக் கடைக்குத் திரும்புவோம். நவமணிகளை வரிசையாக அந்தக் கருவியின் தாடையில் வைப்போமா? வைரம்: நடுப்புள்ளிச் சமச்சீர் உடையது, அழுத்த மின்சாரம் இல்லை. மாணிக்கம், நீலம், புட்பராகம் என்று விற்கப்படும் மஞ்சள் கல், இம்மூன்றும் குருந்தம் என்னும் ஒரே கனிமம். (குருந்தம் என்ற நம் சொல்லே ஆங்கிலத்துக்கும் போய் அக்கனிமத்தின் பெயராய் நிலைத்திருக்கிறது.) அதற்கும் நடுப்புள்ளி உண்டு, அழுத்த மின்சாரம் இல்லை. மரகதம், இல்லை. கோமேதகம், இல்லை. வைடூரியம், இல்லை. முத்திலும் பவளத்திலும் உள்ள சுண்ணாம்புப் படிகங்களுக்கும் இல்லை. ஆயுயியை ஏமாற்றிய கால்சைட் அந்தக் குடும்பமே. ஒன்பதும் அந்த 20 வகுப்புகளுக்கு வெளியே நிற்கின்றன! எந்தப் பண்பைச் சான்றாகக் காட்டி விற்கிறார்களோ, அந்தப் பண்பு விற்கும் சரக்கில் இல்லை.

குவார்ட்ஸ் மோதிரம் அணிந்தவருக்கு? விரலால் ஒரு நியூட்டன் விசையோடு அழுத்தினால் 2.3 பிக்கோகூலோம், எடுத்த கணமே அதற்குச் சமமான எதிர்மின் எழுந்து கணக்கு நேராகிவிடும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று எழும் மின்னூட்டத்தின் முன் அது கடலில் ஒரு துளி. சட்டை கழற்றியவர் எவருக்கும் திருமணத் தடை நீங்கியதாக நாம் கேள்விப்படவில்லை.

நவமணிகளுக்கு இல்லாத அந்தப் பண்பு மளிகைக் கடைக் கற்கண்டுக்கு உண்டு. உப்புக்கு இல்லை, படிகாரத்துக்கு இல்லை, கற்கண்டுக்கு உண்டு. கியூரி உடன்பிறப்புகள் 1880-இல் வெளியிட்ட பட்டியலில் கரும்புச் சர்க்கரையின் பெயரும் இருக்கிறது.